நூற்று முப்பது டிகிரி

நாற்பத்து மூன்று வயதில்
களிமண் வாங்கியிருக்கிறேன்.
களிமண்கூட இல்லை, பேர்தான் அது.
பாலிமர் க்ளே. தண்ணீர் கேட்காது, வெயிலில் காயாது,
கட்டி கட்டியாய்ப் பிளாஸ்டிக் உறையில்
கூரியரில் வந்தது மண்டபத்துக்கு.
"நாகஜோதி அக்கா, உள்ள என்ன?" என்றான் கொண்டுவந்தவன்.
சோப்பு என்றேன்.

முதல் நாள் வெள்ளையைப் பிசைந்தேன்.
புரோட்டா மாவுக்கே இவ்வளவு பிடிவாதம் கிடையாது.
கால்மணி நேரத்தில் வழிக்கு வந்தது.
வந்ததும் சேலை நூல், தலைமுடி, ஃபேன் தூசி
எல்லாவற்றையும் வாரி வைத்துக்கொண்டது.

கேக் சுடும் ரிஸ்வானா
பழைய அவனை எண்ணூறுக்குத் தந்தாள்.
"இனி இதுல திங்கிற பண்டம் வைக்காதே" என்றாள்,
சும்மா கொடுத்தவள் மாதிரி.
முதல் நண்டு கருகிப்போனது.
இரண்டாவது பாதி வேகும்போது கரண்ட் போனது.
மூன்றாவதுக்கு ஒன்பது கால்.

வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்தார்.
கடலுக்குப் போகிறவருக்கு
நண்டைக் கண்டால் எண்ணாமல் இருக்க முடியாது.
"ஒண்ணு குறையுதே."
கம்பெனியில் என்றால் விலையில் பிடித்திருப்பார்கள் என்றேன்.
"இதுக்கு எவ்வளவு?"
இதற்கு விலை இல்லை.
"அப்ப எதுக்கு?"
குழம்பு பொங்கியது. எழுந்து போய்விட்டேன்.

பகலெல்லாம் நண்டுதான் எனக்கு.
வெந்து சிவந்து வருவதை மேஜையில் உடைத்து
சதை வேறு ஓடு வேறாக்கி
ஐஸ் மேல் டப்பாவில் அடைக்கிற வேலை. பதினெட்டு வருஷம்.
ஐஸும் ஓடும் தின்று தின்று
விரல் நுனி வழுவழுத்துவிட்டது.
ரேஷன் கடை மெஷின் என்னை ஒப்புக்கொள்வதில்லை.
துடைச்சு வை, அமுத்தி வை, வேற விரல் வை.
வரிசை முழுக்கப் பெருமூச்சு.
கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்வார்கள்.

நேற்று நாலாவது நண்டு.
முதுகில் நீலம் ஒட்டி, வெள்ளைப் புள்ளி வைத்து
விளக்கில் சாய்த்துப் பார்த்தால்
ஓட்டின் ஓரத்தில் பெருவிரல் வரி.
மங்கல்தான். பாதிதான்.
மூன்று வளைவு, குறுக்கே
என்றைக்கோ நண்டுக்கால் கிழித்த தழும்பு.
என்னுடையது.

சுடும் முன்னால் ரேகையைத் தேய்த்து எடுத்துவிட வேண்டுமாம்,
உறையில் படம் போட்டிருக்கிறது.
பஞ்சு எடுத்தேன். ஸ்பிரிட்டும் தொட்டேன்.
அப்புறம் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுத்
தட்டை உள்ளே தள்ளினேன்.

நூற்று முப்பது. அரை மணி நேரம்.
கரண்டே, போய்விடாதே.
பாம்பன் பக்கமிருந்து கொண்டல் காற்று
கதவை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.
படுத்தபடியே கேட்கிறார்:
"இதுக்கு எத்தனை கால்?"

நான் எண்ணவே இல்லை.