பதினான்கு சென்ட்

போன வருஷம் வரை என் மூன்றேகால் ஏக்கர்
ஒரு பச்சை ஃபைலுக்குள் இருந்தது.
ஆதாரம், கரச்சீட்டு, போக்குவரவு நகல்,
கையால் வரைந்த படம் ஒன்று,
அதில் என் கிணறு முட்டை வடிவில்.
வேப்பம் புண்ணாக்கு எத்தனை கிலோ என்று
மூன்று இடத்தில் கேட்பார்கள்.
மூன்று இடத்திலும் வேறு வேறு எண் எழுதியிருப்பேன்.
கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு
என் மாந்தோப்பு மனப்பாடம்.

இந்த வருஷம் சங்கத்திலிருந்து பத்மஜா வந்தாள்.
ஒரு கையில் குடை, மறு கையில் போன்.
"இனி எழுதண்டா சேச்சி, நடந்தால் மதி."
மலையாளத்தில் சொன்னாள்.
நான் தமிழில் தலையாட்டினேன்.

நடந்தேன்.
பம்புசெட் மூலையில் ஒரு புள்ளி.
கிளுவை வேலியோரம் முள் குத்திய இடத்தில் ஒன்று.
கரட்டுப் பாறையில் ஏறியதும் போன் சிணுங்கியது,
தமிழ்நாடு தங்களை வரவேற்கிறதாம்.
நான் எங்கேயும் போகவில்லை,
தக்காளிச் செடிக்கு நடுவில்தான் நிற்கிறேன்.
நான்கு அடி இறங்கினால்
கேரளம் மறுபடி வரவேற்கிறது.

பதினெட்டுத் தாள் ஒரு நடைக்குள் அடங்கிவிட்டது.
பத்மஜா விரலால் தட்டத் தட்ட
சாணம், பஞ்சகவ்யம், விதை வாங்கிய கடை,
எல்லாம் தன் தன் கட்டத்தில் போய் உட்கார்ந்தன.
காற்று எந்தத் திசை என்றும் ஒரு கேள்வி.
ஆடியில் மேற்கு, மார்கழியில் கிழக்கு என்றேன்.
கணவாய்க் காற்றுக்கு
அதில் ஒரு பதில்தான் எழுத முடியுமாம்.

மேற்கே ஆறுச்சாமியின் பாகற்பந்தல்.
அவன் மருந்தடிக்கிறவன்.
அந்தப் பக்கம் இடைவெளி விட வேண்டும் என்று
பத்மஜா சர்வே படத்தை மேலே விரித்தாள்.
நீலக் கோடு ஒன்று வந்து விழுந்தது,
என் வேலி மேல் அல்ல,
என் வேலிக்கு உள்ளே.
ஏழு மாமரங்களுக்கு இந்தப் பக்கம்.

"ஆப்பில் தப்பு வரும் சேச்சி, சிலப்போ,"
என்றாள், என் முகத்தைப் பார்த்து.

தப்பு இல்லை.
ஆறுச்சாமியின் அப்பனுக்குக் காலெடுக்க
கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்த வாரம்
அந்த வீட்டில் ஆளில்லை.
எல்லைக்கல் ஐந்து மீட்டர் நடந்தது.
என் வீட்டுக்காரர் கடப்பாரை போட்டார்.
டார்ச் பிடித்தது நான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம்
பச்சை ஃபைலில் எழுதிக் கொடுத்தேன்:
பக்கத்து நிலத்திலிருந்து என் நிலத்துக்கு
விஷம் வருகிறதா? வருகிறது.
விஷம் என்பதைச் சுழித்து, அழுத்தி.
என் பக்கமிருந்து அங்கே ஏதாவது போனதா என்று
ஒரு தாளும் கேட்டதில்லை.

"எவிடே அடைக்கணும்?"
கடைசிப் புள்ளிக்குக் காத்திருந்தது விரல்.
வேலியைக் காட்டியிருக்கலாம்.
சான்றிதழ் கொடுக்கிறவர்கள்
கொச்சியிலிருந்து வந்து கல்லைத் தோண்டவா போகிறார்கள்.
நீலக் கோட்டின் மேல் நடந்தேன்,
காலுக்கு அது தெரியவில்லை,
சருகுதான் நொறுங்கியது.
இங்கே என்றேன்.

மூன்று ஏக்கர் பதினொரு சென்ட்.
சமர்ப்பிக்கப்பட்டது, நன்றி, என்றது போன்.
பத்மஜா ஒன்றும் கேட்கவில்லை.
தண்ணீர் குடித்தாள், மூன்றரை பஸ்ஸுக்குப் போனாள்.
படத்தை என் போனுக்கு அனுப்பியிருந்தாள்,
பச்சைக் கட்டம், அதன் மேற்கே
காய்த்துத் தொங்குகிற ஏழு மரம், கட்டத்துக்கு வெளியே.
செந்தூரம். இந்த வருஷம் நல்ல பிடிப்பு.

சாயங்காலம் பந்தலில் மோட்டார் நின்றது.
மருந்து வாடை இன்னும் என் பக்கம் வந்துகொண்டிருந்தது.
சார்ஜ் நாலு சதவீதம்.
வேலிச் சந்தில் நின்று கூப்பிட்டேன்,
"ஆறுச்சாமி,
கை கழுவிட்டு இப்படி வா.
உனக்கொரு படம் காட்டணும்."