மேல்கல்

வானிலைப் பதிவேட்டின் பின்னட்டையில்
பென்சிலால் நான்கு வரி:

    கல்லின் மேல் கல்.
    மேல்கல்லுக்குக் கண் இருக்கிறது.
    கீழே கடல்
    மீன்களை எண்ணுவதை நிறுத்திவிட்டது.

கையொப்பம் இல்லை. மார்ச் பதினான்கு என்று மட்டும்.
ஆண்டு இருந்த இடத்தில் காப்பிக் கறை.

தூவிக் கொட்டகையில் அன்று ஐந்து பேர்.
வெளியே பிரெய்தா வளைகுடா, நவம்பர், மூன்று மணிக்கே மங்கல்.
ஐடர் வாத்து தன் மார்பில் பிய்த்துக் கூட்டில் இட்ட
மென்தூவியிலிருந்து
கடற்பாசியையும் ஓட்டுச் சில்லையும் விலக்குவது எங்கள் வேலை.
பலமாய்ப் பேசினாலே பறந்துவிடும்,
ஆகவே இங்கே சண்டைகூடத் தணிந்த குரலில்தான்.

வாசித்தேன்.
"கடவுள்" என்றாள் பள்ளிக்கூடத்து ஹல்ஃப்ரீதுர் உடனே.
அவளுக்குக் கண்ணுள்ள எதுவும் கடவுள்,
பேருந்து ஓட்டுநர் நீங்கலாக.

"கழுகு" என்றான் ஸ்னைபியோர்ன்.
"போன வசந்தத்தில் என் கூடுகளின் மேல்
நிழல் விழுந்தது ஒரே ஒரு தடவை.
நாற்பது வாத்துகள் எழுந்து போயின.
முட்டைகள் குளிர்ந்தன.
சட்டம்தான் கழுகின் பக்கம். இப்போது கவிதையுமா?"

"கழுகு என்ற சொல்லே இதில் இல்லையே" என்றாள் ஆல்தீஸ்.
"அதனால்தான் கழுகு" என்றான்.
எங்கள் கொட்டகையில் நடந்த
ஒரே இலக்கிய விமர்சனம் இது.

எனக்கு முள் தைத்தது நான்காம் வரியில்.
கடல் எதற்கு எண்ண வேண்டும்?
எண்ணுவது எய்யோல்ஃபுரின் வேலை.
முப்பத்தோராண்டு, மூன்று மணிக்கொரு முறை
பாரமானி, காற்று, முகில், பார்வைத் தொலைவு.
எண்களுக்கு நடுவே ஒரு பெயரடைகூட
நழுவவிடாத மனிதர்.
நிறுத்தியது கடலா,
கடல்மேல் பழி போட்ட அவரா?
உள்ளுறை கண்டுவிட்ட களிப்பில்
நான் அழகாய்ப் போய்க்கொண்டிருக்கையில்,

படகோட்டி தோர்கில்ஸ் தலை தூக்காமல் கேட்டார்:
"எங்கிருந்து பார்த்தது?"

என்ன?

"அந்தப் பாறையில் அது உட்கார்ந்தால்
தீவுக்கு முதுகு. கண் கடலுக்கு.
கண்ணைப் பார்த்தவர்
படகில் இருந்திருக்க வேண்டும்."

தூவி கைகளில் அப்படியே நின்றது.
எய்யோல்ஃபுர் படகேறியதில்லை,
தம்பியைக் கடல் கொண்ட நாளிலிருந்து.
ஊரே அறியும்.

இரவு ஏட்டைப் புரட்டினேன்.
ஆறாண்டுக் கணக்கு அதில், ஆறு மார்ச் பதினான்குகள்.
ஐந்து நிரம்பியிருந்தன.
ஒன்றில் காலை ஒன்பது மணிக் கட்டம் வெறுமை.
பன்னிரண்டு மணிக்கு அவருடைய அதே நெட்டை ஏழுகள்.
காற்று: இல்லை.
பார்வைத் தொலைவு: மிக நன்று.

தம்பியைத் தேடிப் போனார் என்று எழுதலாம்.
கழுகைப் பார்க்கப் போனார் என்றும்.
அசையாத நீரில் துடுப்பைப் போட்டுவிட்டு,
மீனா, இல்லையா என்று தன்னை எடைபோட்ட கண்ணின் கீழே
எந்தக் கணக்கிலும் சேராமல்
மூன்று மணி நேரம் கிடந்தார் என்றும்.
மூன்றையும் எழுதினேன்.
மூன்றையும் அடித்தேன்.

மறுவாரம் தோர்கில்ஸ் என்னை ஏற்றிக்கொண்டார்.
இருந்தது.
மஞ்சள் கண்.
வெண்வாலைத் தூக்கிப் பாறையில் நீளமாய்ச் சுண்ணாம்பு பீய்ச்சியது.
பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தது,
ஈரக் கோட்டைக் காயவைக்கும் கிழவனைப் போல
ஒரு சிறகை விரித்தது, மறந்தது, மடக்கியது.
ஸ்னைபியோர்ன் சொன்னது சரிதான்,
கழுகு என்றால் கழுகு
என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே
அது குனிந்து
எங்களைப் பார்த்தது.

இருட்டிய பிறகு கரை சேர்ந்தோம்.
இஞ்சினை அணைத்தது யார் என்று
இருவருக்குமே நினைவில்லை.