எண்பத்தேழு

விடைக்குறிப்பு தலைநகரிலிருந்து வந்திருக்கிறது, முத்திரையோடு:
தண்ணீர் கொதிப்பது நூறு டிகிரியில்.

பொட்டோசியில் அப்படியில்லை.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்றுக்கு அவ்வளவு கனமில்லை.
எண்பத்தேழிலேயே தண்ணீர் தளதளக்கும்,
உருளைக்கிழங்கு வேகத்தான் ஊர்ப்பட்ட நேரமாகும்.
சந்தையில் சூப் விற்பவளைக் கேட்டாலும் சொல்வாள்.

வாரா எண்பத்தேழு என்றே எழுதியிருக்கிறாள்.
வெப்பமானியைப் பிடித்திருந்தவள் அவள்,
கையுறையில் ஓட்டை, விரலில் ஆவி.

எலியோதோரோ அதே பாத்திரத்தை எட்டிப் பார்த்தவன்.
பார்த்துவிட்டு நூறு என்று எழுதினான்.
அடிக்கோடு வேறு போட்டிருக்கிறான்.

மேற்பார்வையாளர் சாவேத்ரா நல்லவர்தான்.
"குறிப்பில் உள்ளபடி போட்டுவிடுங்கள், செவெரினா டீச்சர்,
ஒரு மதிப்பெண்தானே" என்கிறார்,
சுரங்கத்தூசி இருமலுக்கு நடுவே.

ஒரு மதிப்பெண்தான்.
எந்த அமைச்சகமும் கையெழுத்திடாத சட்டம் ஒன்று
அந்தப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.
கண்டதைக் கண்டபடி சொல் என்பதும்
அதே அடுப்பில் ஏற்றியதுதான் என்று நினைக்கிறேன்.

வாராவுக்குச் சரி போட்டேன்.
கை நடுங்கவில்லை,
குளிரில் மைதான் இறங்க மறுத்தது.

சிக்கல் எலியோதோரோ.
போன வருடம் இதே கேள்விக்கு
இதே சிவப்புப் பேனாவால்
எண்பத்தேழுகளையெல்லாம் சுழித்துத் தள்ளியவள் நான்.
அவன் அண்ணனின் தாளும் அதில் இருந்தது.
வீட்டில் சொல்லியிருப்பான்.

அந்த நூறுக்குப் பக்கத்தில்
பேனாவை ஊன்றியபடி உட்கார்ந்திருக்கிறேன்.
எழுத்து அவனுடையது.