அறுபதில் ஒரு பங்கு நொடி

கெயூரூ தாண்டி மண்சாலை பிரிகிற இடத்தில்
டூலிக்கியின் வேனை ஓரங்கட்டினோம்.
அதன் பின்கதவைப் போன கோடையிலிருந்து
ஒரு கயிறுதான் காப்பாற்றி வருகிறது.
பெட்ரோல் அவளும் நானும்.
சமையல் என் பங்கு என்ற ஒஸ்மோ
எடுத்து வந்திருந்தது
ஒரு பொட்டலம் தொத்திறைச்சி, ஒரு குழாய்க் கடுகுச் சாந்து.

அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் நடை.
பாசி. பாசிக்கு மேல் பாசி.
காலை ஊன்றினால் உள்ளே வாங்கி
எடுத்தால் பெருமூச்சு விடும் காடு.
கொசுக்கள் முந்தைய நாளே வந்து
நல்ல இடமாய்ப் பிடித்துவிட்டிருந்தன.
டூலிக்கி குந்திக் குந்திப் புளூபெர்ரி பறித்ததில்
இரண்டு மணி நேரம் போனது,
அவள் நாக்கு நீலமானது.

இரவு பதினொன்று.
கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று
வாசற்படியிலேயே நின்று பேசும் விருந்தாளிபோல
ஏரியின் விளிம்பில் சூரியன்.
கூடாரத்துக்குள் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் என்று சொல்ல முடியாது,
ஏழு மணிக்கு,
வளைவில் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள்.
ஆரஞ்சுச் சட்டையில் காவலுக்குக் கெர்ட்டு,
முப்பது வருடம் பஸ் ஓட்டியவள்.
"அந்தக் கல்லைத் தாண்டினால்
நீ படம் எடுக்கமாட்டாய்,
சுவரில் படமாய்த் தொங்குவாய்" என்றாள்.
கல்லுக்கு இந்தப் பக்கமே மண்டியிட்டேன்.

முதலில் சத்தம்,
தூரத்தில் யாரோ முழத்துணியைக் கிழிப்பதாக.
பிறகு பறவைகள் நிறுத்திக்கொள்ளும்.
பிறகு மேட்டுக்கு மேலே
நான்கு சக்கரமும் மண்ணை விட்டுவிட்ட ஒரு கார்.

ஷட்டரை அறுபதில் ஒரு பங்கு நொடிக்கு வைத்து
காரோடு இடுப்பைத் திருப்ப வேண்டும்.
அதன் வேகத்துக்கே நீயும் திரும்பினால்
கார் நின்றுவிடும்,
நிற்கிற காடு கோடுகோடாய் ஓடும்.
பதினோரு வருடமாய் இதைத்தான் செய்கிறேன்.
என் வீட்டு அலமாரியில்
நாற்பதாயிரம் கார்கள் அசையாமல் நிற்கின்றன.
எதிலும் முகமில்லை.

இருபத்து மூன்றாவதாய் வந்தது
ஒரு பழைய பச்சை லாடா.
மேட்டிலிருந்து இறங்கும்போதே கோணல்.
பள்ளத்தில் சாய்ந்து
பக்கவாட்டில் படுத்துக்கொண்டு
மேலே இருந்த சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நல்ல வெளிச்சம். நல்ல கோணம். விரல் பட்டனில்.

கெர்ட்டு விசிலை ஊதிக் கொடியை விரித்தாள்.
கையில் கடுகோடு ஒஸ்மோ
என்னைத் தாண்டி ஓடினான்.
மரங்களுக்குள்ளிருந்து ஆட்கள் முளைத்தார்கள்:
மீன்பிடி பூட்ஸோடு ஒரு பையன்,
குழந்தையை மனைவியிடம் திணித்த ஒருவர்,
காலையெல்லாம் இடத்துக்காக ஒஸ்மோவோடு சண்டையிட்ட மீசைக்காரர்.
நானும் போய்த் தோள் கொடுத்தேன்.
வழிக்குறிப்பேட்டைப் பல்லில் கவ்வியபடி
ஜன்னல் வழியே ஏறி வந்த துணை ஓட்டுநர்
"அடி ஒன்றுமில்லை, நேரம்தான் போச்சு" என்று
அவளும் தள்ள வந்தாள்.

யுக்சி. காக்சி. கோல்மே!

தொப்பென்று நாலு காலில் விழுந்தது வண்டி.
அவள் உள்ளே ஏறிக் கதவு சாத்துவதற்குள் கிளம்பிவிட்டது.
எங்கள் பல்லிடுக்கெல்லாம் மணல்.
தொத்திறைச்சியை எதுவோ தின்றுவிட்டிருந்தது;
நரி என்றாள் டூலிக்கி,
மீசைக்காரரின் நாய் என்றான் ஒஸ்மோ.

கழுத்தில் தொங்கிய கேமரா
கார்க்கதவுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் நசுங்கி
தானாகவே பதினோரு படம் எடுத்திருந்தது.
பத்து, வெறும் இருட்டு.
ஒன்றில்
பச்சைத் தகரத்தில் மஞ்சளாய் ஒஸ்மோவின் ஐந்து விரல்,
அதன்மேல் யாருடையதோ ஒரு கை,
டூலிக்கியின் முழங்கை, சாய்ந்த வானம்,
கண்ணாடிக்குள்ளே ஒரு கண்.
பயமா சிரிப்பா என்று
வேன் வரைக்கும் பேசியும் முடிவாகவில்லை.

முன்னதாகக் கெர்ட்டுவிடம் காட்டியிருந்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.
ஒரு பிரதி அனுப்பு என்று
நுழைவுச்சீட்டின் பின்புறம் முகவரி எழுதினாள்.

"இதில் நீங்கள் இல்லையே."

"இருக்கிறேன்" என்றாள்,
கலங்கிப்போன ஒரு மூலையைத் தொட்டு,
"இங்கே விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்."