மிச்சம்

வெர்லன் டீக் பந்தயக் கார் ஓட்டியதே இல்லை.
சொந்த வண்டி ஒரு பழைய பிக்கப்.
பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தாலும்
ஐம்பதைத் தாண்டமாட்டார்.

ஆனால் பத்தொன்பது வருடம்
ஞாயிறுதோறும், அலபாமாவோ டென்னசியோ,
ஒரு கார் எந்தச் சுற்றில் உள்ளே வர வேண்டும்,
எதுவரை வெளியிலேயே சுற்ற வேண்டும் என்று
சொன்னது அவர் வாய்.

வட கரோலினாச் செம்மண்ணில்
நூல் மில்லை இழுத்து மூடிய வருடம்
டயர் உருட்ட வந்தாராம்.
அப்புறம் டயருக்குக் காற்று, ஸ்பிரிங், ஷாக்,
அப்புறம் உயரத்தில் அந்த நாற்காலி.
காதில் ஹெட்போன்.
தொடையில் ஒட்டிய வெள்ளை டேப்பில்
பென்சில் கணக்கு.

"வால் நழுவுது, வால் நழுவுது" என்பான் ரஸ் கிம்ரே,
நூற்றெண்பது மைல் வேகத்தில்,
செத்துக்கொண்டிருப்பவன் குரலில்.
"சரி" என்பார் டீக்,
காப்பி போதும் என்கிறவர் மாதிரி.
அடுத்த நிறுத்தத்தில்
பின்கண்ணாடித் துளையில் ஸ்பானர், கால் திருகு,
வலது பின் டயரில் அரைப் பவுண்டு காற்று குறையும்.
வால் அடங்கும்.
இப்போது மூக்கு திரும்பவில்லை என்பான் ரஸ்.
"சரி."

ஒருமுறை
கார் கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்று
ஆறு வாரம் உள்ளே விடவில்லை.
வேலிக்கு வெளியே வேனின் கூரைமேல் நின்று
பைனாகுலரில் பார்த்தார்.
மீன் பிடிக்கவாவது போயிருக்கலாம் என்றாள் நோரீன்,
ஆறு வாரமும் வேன் ஓட்டியவள்.

நான் அவருக்குப் பெட்ரோல் ஊற்றியவன்.
தோளில் கேன், தீப்பிடிக்காத சட்டை,
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பதினோரு வினாடி வாழ்க்கை.
ஊற்றியபின் கேனைத் தராசில் வைத்து
மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.
அந்த எண்ணில்தான் அவர் பென்சில் நகரும்.

அந்த அக்டோபர், கடைசி நிறுத்தம்.
ஜாக் இறங்கும் சத்தம் கேட்டதாக நினைத்து
கேனை முன்பே உருவிவிட்டேன்.
தராசு ஐந்து பவுண்டு காட்டியது.
"ஒன்று" என்றேன்.

ஏன் என்று கேட்காதீர்கள்.
பத்து வருடமாக
நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்கள் எல்லாம் எண்ணெய்க்கு உள்ளே வந்தார்கள்.
"வெளியே இரு" என்றார் டீக்.
இரண்டாவது முறையும் அதே,
"வெளியே இரு, ரஸ், போதும், இருக்கிறது."
முன்னால் ஒருத்தரும் இல்லை.
கடைசிச் சுற்று, மூன்றாவது திருப்பம்.
இன்ஜின் ஒரு தடவை இருமியது.
ஹெட்போனில் ரஸ் எதுவும் சொல்லவில்லை,
காற்றின் சத்தம் மட்டும்.
ஒன்பது கார்கள் தாண்டிப் போயின.

டிவிக்காரன் மைக்கை நீட்டினான்.
"என் கணக்கு தப்பு" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு,
லாரிக்குப் பின்னால், பல்ப் வெளிச்சத்தில்
யாரும் கழுவாத கேனைத் தூக்கி
அவர் தராசில் வைத்ததைப் பார்த்தேன்.
குனிந்து வாசித்தார்.
தொடையிலிருந்த டேப்பை உரித்து
மடித்து
பையில் போட்டுக்கொண்டார்.

தை பிறக்கும் முன்பே அவரை அனுப்பிவிட்டார்கள்.
எனக்கு அடுத்த வருடம் சம்பளம் கூடியது.

இப்போது கவுன்ட்டிப் பள்ளிப் பேருந்துகளைப் பார்த்துக்கொள்கிறார்.
மஞ்சள் பேருந்து ஒவ்வொன்றுக்கும்
டயர்க் காற்றை அரைப் பவுண்டு சுத்தமாக வைக்கிறாராம்,
டிரைவர்கள் சிரிக்கிறார்கள்.

போன வியாழன் பங்கில் பார்த்தேன்.
தலை முழுக்க வெளுத்திருந்தது.
நோரீனின் முழங்காலைப் பற்றிச் சொன்னார்,
மழையைப் பற்றி.
இன்று சொல்லிவிடலாம் என்று
நான் வாயைத் திறக்கும்போது
என் வண்டியில் குழாய் டிக்கென்று நின்றது.
எடுக்கப் போனேன்.

கையை நீட்டித் தடுத்தார் டீக்.
"இரு. இன்னும் கொஞ்சம் பிடிக்கும்."