தலையெழுத்து

கோட்டை, சதாம் வீதி, மூன்றாம் மாடி.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டுந்தான் திரும்பும்.
என் பக்கம் அல்ல.

பெல்லமி துரை பட்டியலை மேசையில் போட்டார்:
ஜெட் விமானங்கள், உதிரிப் பாகங்கள்,
ஆயிரத்து இருநூறு அட்டை, மாதக் கடைசிக்குள்.
"முதலில் செய்தவன் பெயர். பிறகு விமானத்தின் பெயர்.
மாற்றி அடித்துவிடாதே."

மாற்றி அடிப்பேனா?
க. தையல்நாயகி நான்.
தகப்பன் முன்னே, நான் பின்னே,
நடுவில் ஒரு புள்ளி.

குளொஸ்டர் பெற்றது மீற்றியோர்.
டி ஹவிலண்ட் பெற்றது வம்பயர்.
இரத்தம் குடிக்கும் பேய் என்றது அகராதி;
எந்தத் தகப்பன் இப்படிப் பேர் வைப்பான்?
ஹோக்கர் என்றால் கூவி விற்பவன்,
அவன் மகன் ஹண்டர், வேட்டைக்காரன்.
"அது ஒரு ஆளின் பெயர்" என்று துரை சிரித்தார்.
ஃபொலண்டின் பிள்ளை நற். நுளம்பு.
அதற்கும் ஓர் அட்டை, அதே அளவு.

இங்கிலிஷ் எலெக்ட்ரிக்
ரயில் எஞ்சினும் செய்கிறதாம்.
பிள்ளைக்கு மின்னல் என்று பேர்.
அங்கே மட்டும் விரல் கொஞ்சம் நின்றது.
அப்பா பொல்காவலையில் சிக்னல் போட்டவர்.

துரைக்கு என் பெயர் வாயில் வராது.
"மிஸ் கந்தப்பு" என்பார்.
செத்து நாலு வருஷமான மனிதரை
நாளுக்குப் பத்துத் தரம் மாடிக்குக் கூப்பிடுவார்.
முதல் கிழமை, ஒவ்வொரு தரமும்,
கதவைப் பார்த்தேன்.

அறுபத்தொன்று ஜனவரி. லண்டனிலிருந்து சுற்றறிக்கை:
கம்பனிகள் கலந்துவிட்டன.
ஹண்டிங்கின் ஜெட் புறோவோஸ்ற்
இனி பி.ஏ.சி.யின் பிள்ளை.
அதே இறக்கை, அதே ஆணி, அதே பகுதி எண்.
அட்டையின் தலையை மட்டும் அழி, மேலே அடி.
சவரத் தகட்டால் சுரண்டினேன்,
கடதாசி கிழியாமல்,
முன்னூற்றுப் பதினாறு அட்டை.

பெப்ரவரியில் எனக்குக் கலியாணம்.
திங்கள் வேலைக்கு வந்தேன்.
"மிஸிஸ் அருளானந்தம்" என்றார் துரை, பிசகில்லாமல்.
வீட்டில் பழகியிருக்க வேண்டும்.
கைதட்டினார்கள். ஒரு கேக்.
காசாளர் வீரக்கோன் மட்டும்
சம்பளப் புத்தகத்தைத் திருத்த மறந்தார்.
மூன்று மாதம்
கந்தப்புவின் மகளே கையெழுத்திட்டுச் சம்பளம் எடுத்தாள்.
நானும் சொல்லவில்லை.

கார்பன் பிரதிகளைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை.
கீழ் இழுப்பறையில், நீல எழுத்தில்,
ஹண்டிங்கின் பிள்ளைகள்
இன்னும் ஹண்டிங்கின் பிள்ளைகள்.

ஒரு பின்னேரம் காலிமுகத் திடலில்
கச்சான் கொறித்துக்கொண்டு நின்றோம்.
கடலுக்கு மேலே ஒன்று தாழப் பறந்தது.
"அது என்ன பிளேன்?" என்றார் இவர்,
எனக்குத் தெரியும் என்ற பெருமையோடு.

வயிற்றைப் பார்த்தேன்.
தகப்பன் பெயர் இல்லை. தன் பெயரும் இல்லை.
ஓர் எண், இரண்டு வட்டம்.

சத்தம் பிறகுதான் வந்தது.
திடல் முழுக்க நிமிர்ந்து
அது இல்லாத இடத்தைப் பார்த்தது.