ஒரு சத்தம்

ரப்பர் ஷீட் கட்டுகளை முதுகில் ஏற்றி இறக்குகிற ஜெஸ்டஸ்
என் பில்புக்கைப் பார்த்துச் சிரித்தான்:
"கனம்னா என்னண்ணு ஒனக்கு எப்பிடித் தெரியும்?
கனத்ததுதான் முந்தி விழும். எங் காலக் கேளு."
இடது பெருவிரலில் நகம் கிடையாது அவனுக்கு.

பந்தயம்: புரோட்டாவும் மாட்டுக்கறியும்.

ஞாயிறு, ஆராதனை முடிந்து
மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நான்.
நூற்றுப் பதினைந்து அடி கீழே, பரளியாற்றங்கரையில்,
பாறைக்குப் பின்னால் பத்திரமாக அவன்,
புளியங்கொட்டை அளவில்.

முதலில் கைகளால் விட்டேன், இரண்டு கற்களை.
பெரியது போனதும்
வலது கை தானாக மேலே எழும்பியது,
வகுப்பில் விடை தெரிந்தவள்போல.
சின்னது இன்னும் இடது கையில்.
இது கணக்கில் சேராது. தப்பு என்னுடையது.

பிறகு பையிலிருந்து எடுத்தேன்,
மின்தராசு வந்தபின் கடைக்கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த
ரெண்டு கிலோ படிக்கல்லை,
அதில் இருபதில் ஒரு பங்கான நூறு கிராமை.
சுவர் விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து
பில்புக்கின் முதுகால்
ஒரே தள்ளு.

ஒண்ணு. ரெண்டு.
மூணு பாதி வாயில் இருக்கையில்
கீழே
தொளக்.

அப்புறம் தொட்டிக்குள் ஓடும் கால்வாய்ச் சத்தம் மட்டும்.
பில்புக்கிலிருந்து நழுவிய ஒரு தாள்
அப்போதும் என் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே,
உறக்கம் வராதவன்போல
புரண்டு புரண்டு காற்றில் படுத்திருந்தது.

போன் அடித்தது.
"ஒண்ணுதான் விழுந்திச்சி. மத்ததை எப்பப் போடுவே?"
போட்டாச்சு.
"சும்மா கிட. எனக்குக் காது உண்டும்."
அந்தக் காது கேட்டதுதான் ஜெஸ்டஸ், பதில்.

நான் படியிறங்கிப் போவதற்குள்
முழங்காலளவு தண்ணீரில் குனிந்து தடவிக்கொண்டிருந்தான்.
இரண்டும் கிடைத்தன, ஒரு முழ இடைவெளியில்.
சின்னது மணலின் மேலேயே கிடந்தது.
பெரியதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.
அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்:
"பாத்தியா, இது எம்புட்டு ஆழம் போயிருக்கு!"

அது வேற கேள்வி என்றேன்.

"எங் காலுக்கு அதுதான் கேள்வி" என்றான்.

தாள் எங்கே இறங்கியதென்று
இருவருமே பார்க்கவில்லை.
திருவட்டாறில்
புரோட்டாவுக்குக் காசு அவன் கொடுத்தான்.
கறிக்கு நான்.